தம்பியை விட்டுப்போன இழுப்பு

எங்கள் குடும்பத்தில் மூச்சை அடைக்கும் இழுப்பு ஆண் வாரிசுக்கு உரியது. அம்மாவின் நகை, பித்தளைப் பாத்திரம், அப்பாவின் முன்கோபம் எல்லாவற்றிலும் எனக்குப் பங்கு கிடைத்தது. இழுப்பு மட்டும் தம்பி ரவிக்கு. நாற்பத்து மூன்று வயதில் அது என்னைத் தேடி வந்தபோது, முகவரி மாறி வந்த கடிதம் என்றுதான் நினைத்தேன். மூன்று வருடம் பிரித்தே பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஐந்து வாரமாகிறது. இதை என் நெஞ்சுக்காக மட்டும் எழுதவில்லை. என் பேச்சை நம்பி ரவியின் மகள் தர்ஷினி, பதின்மூன்று வயதுப் பெண், தன் மருந்தை நிறுத்தியிருந்தாள். என்னைப் போன்ற வாய் எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ரவியைப் பற்றி. அவன் என்னைவிட மூன்று வயது இளையவன். நான்கு வயதில் அவனுக்கு இழுப்பு தொடங்கியது. அவன் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டில் மற்றவர்கள் மூச்சு விடுவோம். பதினைந்து வயதில் குரல் உடைந்தது, மீசை அரும்பியது, இழுப்பு போனது. பதினாறில் பள்ளிக்கூடப் பந்தாட்டக் குழுவில் ஓடிக்கொண்டிருந்தான். அன்றுமுதல் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: வயதுக்கு வந்தால் இழுப்பு போய்விடும். அதை ஊரெல்லாம் பரப்பியவள் நான். என்னிடம் இருந்த ஆதாரம் ஒரே ஒரு பையன்.

நான் மலேசியாவில், கரங்கான் பக்கம், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்துவேலை பார்க்கும் கிராணி. குலைகளின் எடையும் அன்றாட மழையின் அளவும் எழுதி வைப்பது என் வேலை. எந்த மாதத்தில் எந்த நாள் மழை பெய்தது என்று கேட்டால் பத்து வருடத்துக்குச் சொல்வேன். என் நெஞ்சு எந்த நாளில் அடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

முதலில் இருமல். பிறகு படி ஏறினால் நெஞ்சில் யாரோ பலகையை வைத்து அழுத்துவதுபோல் ஒரு பாரம்.

ரவி கூலிமில் கார் பட்டறை வைத்திருக்கிறான். எந்த நோயையும் இஞ்சின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறவன். “அக்கா, இது கேஸ்ட்ரிக் லா. மிளகாய்ச் சாம்பாலைக் கொறை,” என்றான்.

“எனக்கு இழுக்குதுடா. உனக்கு இழுத்த மாதிரியே.”

“ஏய், இழுப்பு எனக்கு வந்தது. உனக்கு எப்படி வரும்? அதுவும் இந்த வயசுல?”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தெருமுனைக் கிளினிக்கில் முகமூடி மாட்டி, மருந்தைப் புகையாக்கி உள்ளே விடுவார்கள். எங்கள் ஊரில் அதைக் ‘கேஸ் எடுப்பது’ என்போம். மாதம் ஒரு முறை கேஸ் எடுத்துக்கொண்டு, அன்று மாலையே வேலைக்கணக்கை முடித்துவிடுவேன்.

கிளினிக்கில் இரண்டு இன்ஹேலர் கொடுத்தார்கள். நீல நிறத்தது மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்தும். அடித்த சில நிமிடத்தில் காற்று உள்ளே போகும். பழுப்பு நிறத்தது குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கத்தைத் தணிக்கும். தினமும் இரண்டு வேளை அடிக்க வேண்டும், அது வேலை செய்வது வெளியே தெரியாது. நீலம் எப்போதாவது வந்து ஆளைக் காப்பாற்றிப் பெயர் வாங்கும் மாமா. பழுப்பு தினமும் வீடு கூட்டுகிற பெண்பிள்ளை. நான் யாரை மதித்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. நீலம் கைப்பையில் இருந்தது, பழுப்பு அலமாரியில் தூசி படிந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் தர்ஷினி வயதுக்கு வந்தாள். அவளுக்கு ஆறு வயதிலிருந்து இழுப்பு. பழுப்பு இன்ஹேலரைத் தவறாமல் அடித்து, ஓட்டப் பந்தயத்தில் ஓடும் அளவுக்கு நன்றாக இருந்தாள். கூலிமில் மண்டபம் பிடித்துச் சடங்கு செய்தார்கள். ஆரத்தி எடுத்து முடித்து, நான் ஜாங்கிரித் தட்டோடு நின்றபோது ரவியின் மனைவி லெட்சுமி வந்து கேட்டாள்.

“அண்ணி, பாப்பாவுக்கு இந்த பம்பு இன்னும் அடிக்கணுமா? அவங்கப்பாவுக்கு வயசு வந்ததும் போயிடுச்சுன்னு சொல்வீங்களே.”

“இனிமே எதுக்கு லா? பெரிய மனுஷி ஆயிட்டா. தானா போயிடும் பாரு,” என்றேன்.

சொல்லி முடித்துவிட்டு, ஒரு நிமிடம் நின்று இருமினேன். லெட்சுமி என் முதுகைத் தடவிவிட்டாள். இரண்டு பேருக்கும் எதுவும் தோன்றவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு மழைநாள் மாலையில், அலுவலகத்தில் மழை அளவை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பேனா நழுவியது. நீல இன்ஹேலரை எட்டு முறை அடித்தும் காற்று இறங்கவில்லை. தோட்டத்து லாரியில் முன்சீட்டில் உட்கார வைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவசரப் பிரிவில் என் கணவர் கணேசனும் ரவியும் வந்து சேர்ந்தார்கள். கணேசன் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஷிப்ட் வேலை. அதிகம் பேசமாட்டார். வேலை உடையிலேயே வந்து என் கட்டிலின் இடப்பக்கம் நின்றார். வலப்பக்கம் ரவி, என் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

ஓர் இளம் மலாய் டாக்டர் கேள்வி கேட்டார். வீட்டில் பூனை உண்டா, சாம்பிராணி போடுவீர்களா, யாராவது சிகரெட் பிடிப்பார்களா, வலி மாத்திரை சாப்பிட்டால் மோசமாகிறதா. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, மாதவிலக்குக்கு முன்னால் மூச்சுத் திணறல் கூடுகிறதா, கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார்.

இருபது வருடமாக ஞாயிறு மலரில் என் குடும்பத்தைக் கேலி செய்து எழுதுகிறவள் நான். கணேசனின் குறட்டையை மூன்று கட்டுரைகளாக எழுதியிருக்கிறேன். என் எடையை ஊருக்கே அறிவித்திருக்கிறேன். ஆனால் தம்பி பக்கத்தில் நிற்கும்போது அந்தக் கேள்வி வந்ததும் என் மலாய் மொழி முழுதும் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

“அதெல்லாம் நின்னுபோச்சு டாக்டர். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை,” என்றேன்.

ஒரே மூச்சில் இரண்டு பொய். அன்று என்னிடம் இருந்ததே அந்த ஒரு மூச்சுதான். ரவி சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியை, அதை வாங்கப்போகிறவன்போல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கணேசன் என்னைப் பார்த்தார். வாய் திறந்தார். மூடிக்கொண்டார்.

டாக்டர் என் பொய்யை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

மூன்று நாள் வார்டில் இருந்தேன். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு முழுவதும் பொங்கும் அழற்சியை அடக்குகிற மருந்து. அது நெஞ்சைத் திறந்ததோடு பசியையும் திறந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சோற்றை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஒரே நோயாளி நான்தான் என்று நினைக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் தஞ்சோங் டாவாயில் கருவாடு காயவைக்கிற ஒரு மலாய் அம்மா. அவருக்கும் இழுப்பு. நாற்பதுக்கு மேல்தான் வந்ததாம். இருவரும் படுத்தால் மூச்சு முட்டும் என்பதால், எதிரெதிரே சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினோம். அந்த வார்டில் இழுப்புக்காக இருந்த ஆறு பேரும் பெண்கள். அதை நான் கவனித்தேன். ஆண்கள் வேறு வார்டில் இருப்பார்கள் என்பதும் ஞாபகம் வந்தது, அதோடு யோசனையை நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பழுப்பு இன்ஹேலரை ஒரு வாரம் அடித்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதால் நிறுத்தினேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்த துணிமேலேயே சாய்ந்துவிட்டேன். கணேசன் என்னைத் தூக்கிக் காரில் போட்டார். இருபத்து மூன்று வருடக் கல்யாணத்தில் அவர் என்னைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. ஹைடெக் பூங்கா பக்கம் ஷிப்ட் மாறும் நேரம். தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக நின்றன. அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அமைதியான மனிதருக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது.

இந்த முறை என்னைச் சிவப்புப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவர்களை வைக்கும் இடம். அங்கே போனதும் என் நெஞ்சில் விசில் சத்தம் நின்றது. குணமாகிறது என்று நினைத்தேன். நாடி பார்த்த நர்ஸ் ஓடினார். சத்தம் எழுப்பக்கூடக் காற்று நகரவில்லை, அதனால்தான் நின்றது என்று பிறகு சொன்னார்கள்.

மணிக்கட்டின் உள்ளே ஆழத்தில் இருக்கும் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் எவ்வளவு காற்று இருக்கிறது, வெளியேற வேண்டிய காற்று எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை. வலித்தது. கத்துவதற்கும் மூச்சு வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நுரையீரல் நிபுணர், டாக்டர் கௌரி, என் முகத்துக்கு நேரே குனிந்தார். “அம்மா, மருந்து ஏத்துறோம். அரை மணி நேரத்துல இழுப்பு இறங்கலைன்னா மயக்கம் கொடுத்து தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வைப்போம். புரியுதா?”

தலையசைத்தேன். முகமூடிக்கு வெளியே எல்லாம் மங்கலாக இருந்தது. தர்ஷினியின் சடங்குப் பட்டுப்பாவாடை எந்த நிறம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று தெரியாது.

அப்போது கணேசன் பேசினார்.

“டாக்டர், போன தடவை இவ பொய் சொன்னா. நின்னெல்லாம் போகலை.”

“எது?”

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவருடைய ஷிப்ட் அட்டவணை. வீட்டில் தினமும் மாலையில் சாமி விளக்கு ஏற்றுவது நான். மாதத்தில் நான் பூஜையறைக்குள் போகாத நாட்களில் ஏற்றுவது அவர். அந்த நாட்களில் மாலை ஷிப்ட் விழுந்தால் யாரிடமாவது மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்காக அந்தத் தேதிகளைப் பென்சிலில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

“இது நான் விளக்கு ஏத்துற நாளு டாக்டர். இந்தப் பெருக்கல் குறி, இவ கிளினிக் போய் கேஸ் எடுத்த நாளு. நான்தானே கூட்டிட்டுப் போவேன், அதுக்கும் ஷிப்ட் மாத்தணுமே. பாருங்க, வட்டத்துக்கு ரெண்டு நாள், மூணு நாள் முன்னால எப்பவும் ஒரு பெருக்கல் இருக்கு. வீட்டுல பழைய தாளும் இருக்கு.”

“எப்போ கவனிச்சீங்க?”

“போன தடவை இங்க வேற டாக்டர் கேட்ட அன்னைக்கு ராத்திரி எடுத்துப் பார்த்தேன். சொல்லலாம்னு இருந்தேன். தம்பி பக்கத்துல நின்னுச்சு. இவளுக்கு வெக்கமா இருக்கும்னு… மன்னிச்சிருங்க டாக்டர்.”

மழைக்கு நாள் எழுதி வைத்த நான், அவர் கையில் இருந்த அந்தத் தாளைப் பார்த்தபடி கிடந்தேன்.

குழாய் போட வேண்டிவரவில்லை. அரை மணி என்று சொன்னது இருபது நிமிடத்தில் முடிந்தது. விசில் சத்தம் திரும்பியது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் கௌரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருப்பதுதான் ஆஸ்துமா. அழற்சி என்பது அதுதான், நெருப்பு அணையாத சாம்பல்போல. தூசி, சளி, புகை எதுவும் அதை ஊதிவிடலாம். சில பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஹார்மோன்கள் ஏறி இறங்குவதும் ஊதிவிடும். மாதவிலக்கு நிற்கப்போகிற வயதில் அந்த ஏற்ற இறக்கம் இன்னும் தாறுமாறாகும்.

“ஆனா டாக்டர், எங்க வீட்டுல தம்பிக்குத்தான் இழுப்பு. அவனுக்கு வயசு வந்ததும் போயிடுச்சு.”

“போகும். சின்ன வயசுல பையன்களுக்குத்தான் அதிகம் வரும், நுரையீரல் அளவுக்கு அவங்க மூச்சுக்குழாய் அகலமா இருக்காது. வளர்ந்தா அது சரியாகும். ஆம்பளை ஹார்மோன் வீக்கத்தைக் கொஞ்சம் அடக்கவும் செய்யுதுன்னு நினைக்கிறாங்க. முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது.”

“பொண்ணுங்களுக்கு?”

“தலைகீழ். பையன்களுக்கு அடங்குற அந்த வயசுலதான் பொண்ணுங்களுக்குப் புதுசா வரும். இருக்கிறது கூடவும் செய்யும். எல்லாருக்கும் இல்லை. ஆனா பெரியவங்கள்ல பொம்பளைங்கதான் அதிகமா வந்து இந்தக் கட்டில்ல படுக்கிறாங்க.”

அவர் இன்னும் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. கையில் ஜாங்கிரித் தட்டோடு மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மாலை பார்வையாளர் நேரத்தில் ரவி வந்தான். லெட்சுமி கொடுத்துவிட்ட கஞ்சி, பூண்டு துவையல், துவைத்து மடித்த என் கைலி. லெட்சுமி என்னிடம் எதையும் கேட்காமல் வேண்டியதை எல்லாம் அனுப்புகிறவள். அன்று அந்தக் கஞ்சியைப் பார்க்கவே முடியவில்லை.

“ரவி, தர்ஷினி பழுப்பு பம்பு அடிக்குதா?”

“அதை நிறுத்தி எவ்ளோ நாளாச்சு. நீதானே சொன்னே.”

“எப்படி இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கா. ஓட்டத்துக்கு மட்டும் போக மாட்டேங்குறா. சோம்பேறி ஆயிட்டா லா, எந்நேரமும் போனு.”

“ராத்திரி இருமுறாளா?”

அவன் தெர்மாஸ் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். “எப்பவும் இல்லைக்கா. மாசத்துல ஒரு நாலஞ்சு நாள்…”

கை நின்றது. தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டான். மூடியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நாற்பத்து மூன்று வயது முகத்தில் காற்றுக்குத் தவிக்கும் அந்த நான்கு வயதுப் பையனைப் பார்த்தேன்.

“நான் சொன்னது தப்புடா,” என்றேன். “உன்னை வச்சு அவளுக்குச் சொல்லிட்டேன்.”

அவன் நடைபாதைக்குப் போய்ப் போனில் பேசுவது கேட்டது. “லெச்சுமி, பாப்பாவோட பம்பு எங்க? … என்னது? … அதை எதுக்கு அங்க வச்சே?”

சடங்கு வளையல் பெட்டியில், வளையல்களோடு சேர்த்து, ஞாபகத்துக்காக எடுத்து வைத்திருந்தாளாம். குழந்தைப் பருவத்தோடு முடிந்துபோன ஒன்று என்று.

அடுத்த வாரம் தர்ஷினியை அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் கௌரியின் கிளினிக்குக் கூட்டிப்போனோம். என்னைக் கூப்பிடவில்லை, நானே போனேன். காத்திருக்கும் கூடத்தில் இரண்டு மணி நேரம். அவள் என் கையைப் பிடித்து, ஊசி குத்திக் கன்றிப்போன நீலத் தடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “வலிச்சுதா அத்தை?” என்றாள்.

உள்ளே அவளை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மூச்சு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று முள் காட்டும். மூன்று முறை ஊதினாள். பழைய குறிப்பைப் பார்த்துவிட்டு டாக்டர், “ரொம்பக் கொறைஞ்சிருக்கு. ஆனா சரியான நேரத்துல வந்துட்டீங்க,” என்றார். பிறகு அவளிடம் திரும்பி அதே மாதவிலக்குக் கேள்வியைக் கேட்டார்.

தர்ஷினி அப்பாவைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். “தெரியலை டாக்டர்,” என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ரவி சுவரைத் தேடினான். அந்த அறையில் தீயணைப்புக் கருவி இல்லை.

“டாக்டர்,” என்றேன். “எனக்கு நாப்பத்தாறு வயசு. இன்னும் நிக்கலை. இந்த மாசம் பதினொன்னாம் தேதி வந்தது. ஒன்பதாம் தேதி மூச்சு முட்டி இங்க வந்து படுத்தேன். இவங்கப்பா பக்கத்துல நின்னதால போன மாசம் பொய் சொன்னேன். அதனாலதான் ரெண்டாவது தடவை சாகப்போனேன்.”

நோயாளி நீங்கள் இல்லையே என்று டாக்டர் சொல்லவில்லை.

“எனக்கும் அப்படித்தான் இருக்கு,” என்றாள் தர்ஷினி, மெதுவாக. “வர்றதுக்கு முன்னாடி நெஞ்சு இறுகும். ஓடினா முடியலை. அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?”

ரவி நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். கிரீஸ் கறை போகாத விரலால் போனில் நாள்காட்டியைத் திறந்தான்.

“எத்தனாம் தேதிம்மா?” என்றான்.